அந்த வருத்தமும் ஒரு நீச்சல்காரனும்: படம் பார்த்தவர்கள் கேட்ட கேள்விகள்

போன போயா தினத்தன்று திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தைச் சுவரில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டி, இரவல் புரொஜெக்டரில் எச்.ஐ.வி. தொற்றிய ஒரு நீச்சல்காரனைப் பற்றிய 'மை பிரதர் நிகில்' என்ற ஹிந்திப் படத்தைக் காட்டினோம். என்னிடம் ஆங்கிலம் படிக்க வரும் பிள்ளைகள், அவர்களுடைய அம்மாமார், ஒழுங்கைக்காரர், கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு ராத்தாவும் அவவின் தம்பியும் என்று இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். தமிழில் எழுத்து ஓடவில்லை. அதனால் இடையிடையே நிறுத்தி நான் கதை சொன்னேன்.

படம் முடிந்த பிறகும் யாரும் எழும்பிப் போகவில்லை. அன்று வாயால் கேட்டதையும், வெட்கப்பட்டு அப்புறம் தொலைபேசியில் எழுதிக் கேட்டதையும் சேர்த்து, ஆறுதலாக யோசித்த பதில்களோடு இங்கே தருகிறேன்.

நான் அன்றைக்கு வரவில்லை. என்ன கதை?

2005இல் வந்த படம். இயக்கியவர் ஓனிர், இதுதான் அவருடைய முதல் படம். கதை 1987க்கும் 1994க்கும் இடையில் கோவாவில் நடக்கிறது. நிகில் என்ற இளைஞன் மாநிலத்தின் நீச்சல் சம்பியன், அப்பாவின் பெருமை. ஒரு நாள் அவனுடைய இரத்தத்தில் எச்.ஐ.வி. இருப்பது தெரிய வருகிறது. அதன் பிறகு ஒவ்வொரு கதவாக மூடுகிறது. அணியிலிருந்து நீக்குகிறார்கள், நண்பர்கள் விலகுகிறார்கள், பெற்றோர் வீட்டை விட்டுப் போகச் சொல்கிறார்கள். கடைசியில் பொலிஸ் பிடித்துக்கொண்டு போய்த் தனியே அடைத்து வைக்கிறது. அவனோடு நிற்பது இரண்டே பேர்: அக்கா அனுவும், அவன் நேசிக்கும் நைஜலும். ஓர் இளம் வழக்கறிஞரின் உதவியோடு அவர்கள் அவனை வெளியே கொண்டு வருகிறார்கள்.

நிகிலாக சஞ்சய் சூரி, அக்காவாக ஜூஹி சாவ்லா, அப்பாவாக விக்டர் பானர்ஜி, அம்மாவாக லிலெட் துபே, நைஜலாக பூரப் கோலி நடித்திருக்கிறார்கள். அவன் போன பிறகு, அவனைத் தெரிந்தவர்கள் ஆளுக்கு ஆள் கமெராவைப் பார்த்துப் பேசுவதாகக் கதை நகர்கிறது. செத்த வீட்டுக்குப் போனால் விறாந்தையில் ஒவ்வொருவரும் நம்மிடம் வந்து தன் பங்கைச் சொல்வார்களே, அப்படி.

இது உண்மையில் நடந்ததா?

நடந்தது. படத்தின் தொடக்கத்தில் கற்பனைக் கதை என்றுதான் போடுகிறார்கள். ஆனால் நிகிலுக்குப் பின்னால் இருப்பவர் டொமினிக் டிசூசா என்ற கோவாக்காரர்.

அவர் நீச்சல் வீரர் அல்ல. இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றில் வேலை பார்த்தவர், நாடகங்களில் ஆர்வம் உள்ளவர். இன்னொன்று, வழக்கமாக இரத்ததானம் செய்கிறவர். அந்த நல்ல பழக்கத்தால்தான் அவர் மாட்டினார். தானமாகக் கொடுத்த இரத்தத்தைச் சோதித்தபோது எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. 1989 பெப்ரவரியில் பொலிஸ் அவரைக் கூட்டிக்கொண்டு போனது. என்ன காரணம் என்று முதலில் யாரும் சொல்லவில்லை. முன்பு காசநோயாளர்களை வைத்திருந்த, பாழடைந்த ஒரு கட்டடத்தில் 64 நாட்கள் தனியே அடைத்தார்கள். அவர் எந்தக் குற்றமும் செய்யவில்லை, யாரும் அவர்மீது முறைப்பாடு கொடுக்கவும் இல்லை. எச்.ஐ.வி. உள்ளவர்களைத் தனிமைப்படுத்தவேண்டும் என்று கோவாவின் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் அப்போது இருந்தது. அது ஒன்றே போதுமாக இருந்தது.

64 நாட்கள் என்பதை நான் அன்று சொன்னபோது பின்வரிசையில் ஓர் அம்மா விரல் விட்டு எண்ணினா. தைப்பொங்கலன்று அடைத்தால் பங்குனி நடுப்பகுதி தாண்டித்தான் வெளியே வருவார்.

படத்தில் அக்கா வழக்குப் போடுகிறா. உண்மையிலும் அக்காதானா? வென்றார்களா?

உண்மையில் வழக்குப் போட்டவர் அவருடைய அம்மா, லூசி டிசூசா. கணவரை இழந்த, தனியாகப் பிள்ளையை வளர்த்த பெண். என் மகனை அடைத்து வைக்க அரசுக்கு என்ன உரிமை என்று மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். ஊர் மக்களும் நண்பர்களும் வீதியில் இறங்கினார்கள். டொமினிக் வீட்டுக்குத் திரும்பினார். ஆனால் அந்தச் சட்டம் தவறு என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அடைத்து வைக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு என்றே தீர்ப்பு வந்தது. கட்டாயம் அடைக்கவேண்டும் என்று இருந்தது, அதிகாரிகள் விரும்பினால் அடைக்கலாம் என்று மாறியது, கிடைத்தது அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவர் ஒளிந்து வாழவில்லை. 1992இல் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்களுக்காக 'பொசிட்டிவ் பீப்பிள்' என்ற அமைப்பை நண்பர்களோடு தொடங்கினார். அதே வருடம் மே மாதம் இறந்துபோனார். எச்.ஐ.வி. உள்ளவர்களை வேலையிலோ பள்ளியிலோ வைத்தியசாலையிலோ ஒதுக்கக்கூடாது என்று இந்தியா சட்டம் இயற்றியது 2017இல்தான்.

அம்மாவை ஏன் அக்காவாக மாற்றினார்கள் என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். எனக்கும் அது குறையாகத்தான் படுகிறது. ஜூஹி சாவ்லா அருமையாக நடித்திருக்கிறார், அதில் கேள்வி இல்லை. ஆனால் நீதிமன்றப் படியேறிய அந்த விதவைத் தாயை நான் திரையில் பார்க்க ஆசைப்பட்டேன்.

எச்.ஐ.வி.யும் எயிட்ஸும் ஒன்றுதானே?

இல்லை. எச்.ஐ.வி. என்பது வைரஸ். அது நம் உடம்பின் காவல்காரர்களான சி.டி.4 என்ற வெள்ளை அணுக்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கிறது. மருந்து எடுக்காமல் விட்டால், பல வருடங்களுக்குப் பிறகு உடம்பு எந்தக் கிருமியையும் எதிர்க்க முடியாத நிலைக்கு வரும். அந்த நிலைதான் எயிட்ஸ். நேரத்துக்கு மருந்து தொடங்குகிற ஒருவர் எயிட்ஸ் என்ற கட்டத்தைப் பார்க்காமலே முழு ஆயுளும் வாழலாம். நம் ஊரில் இரண்டுக்கும் சேர்த்து 'அந்த வருத்தம்' என்று ஒரே பேர். பேர் சொல்லப் பயப்படுகிற எதையும் நாம் சரியாக விளங்கிக்கொள்வதில்லை.

ஒரே குளத்தில் நீந்தினால், ஒரே பேணியில் தேத்தண்ணி குடித்தால் தொற்றாதா?

தொற்றாது. குளத்துத் தண்ணீரால் தொற்றாது, கடலாலும் தொற்றாது. கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் ஒரே வாளியால் அள்ளிக் குளித்தாலும் தொற்றாது. பேணி, கோப்பை, கழிவறை, நுளம்புக்கடி, இருமல், தும்மல், கட்டிப்பிடித்தல், கன்னத்தில் முத்தம், ஒரே படுக்கை: ஒன்றாலும் தொற்றாது. உடம்புக்கு வெளியே இந்த வைரஸ் மிகவும் பலவீனமானது.

தொற்றும் வழிகள் சிலதான். பாதுகாப்பில்லாத உடலுறவு, தொற்றுள்ள இரத்தம், ஒரே ஊசியைப் பலர் குத்திக்கொள்வது, தாயிடமிருந்து பிள்ளைக்கு. நம் நாட்டில் தானமாக வரும் இரத்தம் எல்லாம் சோதிக்கப்படுகிறது. இரத்தம் கொடுப்பதால் யாருக்கும் எதுவும் தொற்றாது, தயவுசெய்து இந்தப் பயத்தில் இரத்ததானத்தை விடாதீர்கள். சலூன் பற்றியும் ஒரு தம்பி கேட்டார். புது பிளேட் போடச் சொல்வது எப்போதும் நல்ல பழக்கம். பச்சை குத்தும் ஊசிக்கும் அதேதான்.

நிகிலுக்கு எப்படி வந்தது? அதைப் படம் தெளிவாகச் சொல்லவில்லையே.

கூடுதலான ஆட்கள் கேட்டது இதைத்தான். படம் அந்தக் கேள்விக்குப் பின்னால் ஓடவில்லை. நான் அதைப் படத்தின் பலமாகவே பார்க்கிறேன்.

சலரோகம் வந்தவரிடம் 'எவ்வளவு சீனி தின்றாய்' என்று விசாரணை வைத்துவிட்டா சோறு போடுகிறோம்? டெங்கு வந்த பிள்ளையிடம் எந்த வாளித் தண்ணீரில் நுளம்பு வளர்த்தாய் என்று கேட்பதில்லை. இந்த வருத்தத்துக்கு மட்டும் எப்படி வந்தது என்று தெரிந்த பிறகுதான் இரக்கப்படலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கிறோம். இரத்தம் ஏற்றியதால் வந்ததென்றால் 'ஐயோ பாவம்'. வேறு வழியால் வந்ததென்றால் 'நல்லா வேண்டும்'. வைத்தியருக்கு அந்தக் கேள்வி தேவை, மற்றவர்களையும் சோதித்துச் சிகிச்சை கொடுக்கலாம் என்பதற்காக. பக்கத்து வீட்டுக்கு அது தேவையில்லை.

செய்த பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று என் மாமி சொல்கிறா. என்ன பதில் சொல்ல?

தாயின் வயிற்றிலிருந்தே தொற்றோடு பிறக்கும் குழந்தை என்ன பாவம் செய்தது என்று கேளுங்கள். மாமியோடு சண்டை பிடிக்க வேண்டாம். அடுத்த முறை அவவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

நிகில் செத்துப்போகிறான். இப்போது வந்தாலும் அப்படித்தானா?

இல்லை. படத்தின் இந்தப் பகுதிதான் இன்று பழசாகிவிட்டது.

நிகில் வாழ்ந்த காலத்தில் இருந்த மருந்து ஏ.இசட்.டி. 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தனியே கொடுத்தால் கொஞ்சக் காலத்தில் வைரஸ் அதற்குப் பழகிவிடும். விலையும் வருடத்துக்கு ஆயிரக்கணக்கான டொலர். 1996இல்தான் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டுச் சிகிச்சை வந்தது. எலும்பும் தோலுமாகப் படுத்திருந்தவர்கள் எழும்பி வேலைக்குப் போனார்கள். டொமினிக் இறந்து நான்கு வருடம் கழித்து.

அந்தச் சிகிச்சைக்கும் ஓர் ஆளுக்கு வருடத்துக்குப் பத்தாயிரம் டொலருக்கு மேல் செலவானது. ஏழை நாடுகளில் சனம் தொடர்ந்து செத்துக்கொண்டிருந்தது. 2001இல் மும்பையின் சிப்லா நிறுவனம் அப்படியான ஒரு மூன்று மருந்துக் கூட்டை வருடத்துக்கு 350 டொலருக்குத் தருகிறேன் என்றது. ஒரு நாளைக்கு ஒரு டொலர்கூட இல்லை. உலகத்தின் கணக்கே மாறியது அதனால்தான். டொமினிக்கை அடைத்த நாட்டிலிருந்தே இந்த மருந்தும் வந்தது என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

இன்று பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரே குளிசை. இலங்கையில் அரசு மருத்துவமனைகளில் இது இலவசம். முழுதாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை, பிரஷர் குளிசை போல வாழ்நாள் முழுக்கத் தவறாமல் எடுக்கவேண்டும். ஆனால் நேரத்துக்குத் தொடங்கினால் மற்றவர்களைப் போலவே வயதுபோகும் வரை வாழலாம்.

மருந்து எடுக்கிறவரிடமிருந்து கணவனுக்கோ மனைவிக்கோ தொற்றாதா? பிள்ளை பெறலாமா?

மருந்து ஒழுங்காக எடுத்தால் சில மாதங்களில் இரத்தத்தில் வைரஸின் அளவு சோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும். அந்த நிலை நீடிக்கும்வரை உடலுறவால் அது துணைக்குத் தொற்றாது. ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத ஆயிரக்கணக்கான சோடிகளை வருடக்கணக்கில் கவனித்து உறுதி செய்த விடயம் இது. என்னைக் கேட்டால், அன்று விறாந்தையில் சொன்னவற்றில் மிக முக்கியமானது இதுதான். பலருக்கு இதைக் கேள்விப்பட்டதே அன்றுதான்.

பிள்ளையும் பெறலாம். எந்தத் தடுப்பும் இல்லாவிட்டால் நூற்றுக்குப் 15 முதல் 45 வரையான பிள்ளைகளுக்குத் தாயிடமிருந்து தொற்றும். தாய் மருந்து எடுத்து, பிள்ளைக்கும் பிறந்தவுடன் மருந்து கொடுத்தால் அது மிகச் சொற்பமாகிவிடும். நம் நாட்டில் கர்ப்பிணிகளுக்கு கிளினிக்கிலேயே இந்த இரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸ் என்ற பாலியல் நோயும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் இலங்கைக்குச் சான்று கொடுத்தது. வீடு வீடாக நடக்கும் நம் மிட்வைஃப்மாருக்கும் அதில் பங்கு இருக்கிறது.

நிகிலும் நைஜலும் சினேகிதர்களா, வேறு மாதிரியா? பிள்ளைகள் இருக்கும் இடத்தில் இதைக் காட்டலாமா?

அவர்கள் ஒருவரை ஒருவர் நேசிக்கிறார்கள், கணவன் மனைவி நேசிப்பதைப் போல. படத்தில் முகம் சுளிக்கும்படி ஒரு காட்சியும் இல்லை. ஒருவர் நோயில் கிடக்கும்போது மற்றவர் பக்கத்தில் இருக்கிறார், அவ்வளவுதான். பெற்ற தகப்பன் விட்டுப்போன இடத்தில் அந்தப் பொடியன் நின்றான். அதைப் பதினாறு வயதுப் பிள்ளைகள் பார்ப்பதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை.

படம் வந்தபோது இந்தியாவில் இந்த உறவு சட்டப்படி குற்றம். 2018இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. நம் நாட்டில் 1883இல் வெள்ளைக்காரர் எழுதிய தண்டனைக் கோவையில் 365, 365அ என்ற பிரிவுகளாக அது வந்தது. அதை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023இல் நம் நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம் சொன்னது. என் கவலை நேரடியானது. தன்னைக் குற்றவாளி என்று நினைக்கிற பொடியன் கிளினிக் வாசலுக்கு வரமாட்டான். வராவிட்டால் சோதனை இல்லை, மருந்து இல்லை.

இலங்கையிலும் இப்படி யாரையாவது ஒதுக்கியிருக்கிறார்களா?

1987இல் முதல் இலங்கையருக்கு எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது. இன்றுவரை நம் நாட்டில் தொற்றுள்ளவர்களின் விகிதம் மிகக் குறைவு, நூற்றுக்கு 0.1க்கும் கீழே. அதனால் பெரும்பாலானவர்கள் இந்த வருத்தம் உள்ள ஒருவரோடு பழகியதே இல்லை. பழகாத இடத்தில்தான் பயம் கூட.

இரண்டு பேரைச் சொல்கிறேன். ஒருவர் டொக்டர் கமலிகா அபேரத்ன, குழந்தை மருத்துவர். 1990களின் நடுப்பகுதியில் விபத்தில் காயப்பட்டு, ஏற்றிய இரத்தத்தால் தொற்றுக்குள்ளானார். மறைத்திருக்கலாம். ஆனால் தன் பெயரோடும் முகத்தோடும் வெளியே வந்து, எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று நாட்டுக்குச் சொன்னார். 2004இல் இறக்கும்வரை மற்ற நோயாளர்களுக்காக உழைத்தார். அவரைப் பற்றி யாராவது தமிழில் ஒரு படம் எடுத்தால் முதல் ஆளாகப் போய் உட்காருவேன்.

மற்றவன் ஒரு சின்னப் பையன். தகப்பன் அந்த வருத்தத்தால்தான் இறந்தார் என்று ஊரில் கதை பரவியது. பையனைச் சேர்க்க ஒவ்வொரு பள்ளியும் மறுத்தது. சேர்த்துக்கொண்ட பள்ளியிலிருந்து மற்றப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனார்கள். அந்தப் பையனுக்குத் தொற்றே இல்லை. விடயம் உயர் நீதிமன்றம்வரை போனது. தொற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி உரிமை உண்டு என்பது 2016இல் அங்கே உறுதியானது. 1989இல் கோவாவில் பொலிஸ் செய்ததை 2016இல் நம் நாட்டில் அப்பா அம்மாமார் செய்தார்கள்.

மத்திய கிழக்குக்குப் போகிறவர்களுக்கு இந்தச் சோதனை இருக்கிறதே. அதில் பிடிபட்டால்?

மூதூர், கிண்ணியா, திருகோணமலை நகரம் என்று எங்கே பார்த்தாலும் வளைகுடாவில் ஓர் ஆள் இல்லாத வீடு குறைவு. போவதற்கு முன்பும், அங்கே போன பிறகும் இரத்தம் எடுக்கிறார்கள். தொற்று இருந்தால் விசா இல்லை. அங்கே இருக்கும்போது தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

என் ஒன்றுவிட்ட அண்ணா அப்படித் திரும்பி வந்தவர். ஏன் என்று அவருக்கே விளக்கமாக யாரும் சொல்லவில்லை. கையில் ஒரு தாள், அடுத்த விமானம். இங்கே ஒரு பரிசோதனை நிலையத்தில் மறுபடி சோதித்தார். முடிவு அவர் கைக்கு வருவதற்கு முன்பு எங்கள் ஒழுங்கைக்கு வந்துவிட்டது. அங்கே வேலை செய்த யாரோ வாய் திறந்திருக்க வேண்டும்.

பெரியம்மா அவரைத் துரத்தவில்லை. ஆனால் குசினி யன்னல் கட்டில் அவருக்கென்று ஒரு பேணியைத் தனியே வைத்தா. அழுதுகொண்டுதான் வைத்தா. அண்ணா இன்றும் அந்தப் பேணியைப் பற்றித்தான் கதைப்பார், திருப்பி அனுப்பிய நாட்டைப் பற்றி அல்ல. யாராவது கண்டுவிடுவார்கள் என்ற பயத்தில் இங்கே இருக்கும் கிளினிக்குக்குப் போகாமல், இரவு ரயிலில் கொழும்புக்குப் போய் மருந்து எடுத்தார், வருடக்கணக்காக. ஒரு நாள் மருந்துக்காக ஒவ்வொரு முறையும் இரண்டு இரவுத் தூக்கம்.

இப்போது அவர் வேறு ஊரில் இருக்கிறார். எல்லாம் சொல்லித்தான் கலியாணம் கட்டினார். மனைவிக்கும் மகளுக்கும் தொற்று இல்லை. இதை எழுத அனுமதி கேட்டேன். "பேர் போடாதே, பேணியைப் போடு" என்றார்.

அதனால் திரும்பி வந்தவர்களுக்குச் சொல்கிறேன்: வேலைதான் போனது, உயிர் போகவில்லை. வெளிநாட்டில் எடுத்த சோதனை முடிவோடு உட்கார்ந்துவிடாமல் இங்கே அரசு கிளினிக்கில் மறுபடி உறுதி செய்துகொண்டு மருந்தைத் தொடங்குங்கள்.

திருகோணமலையில் எங்கே சோதிக்கலாம்? யாருக்கும் தெரியவருமா?

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் பாலியல் நோய் சிகிச்சை நிலையத்துக்குப் போகலாம். காசு இல்லை. வேறு டொக்டரிடமிருந்து கடிதம் கொண்டுபோகத் தேவையில்லை. உங்கள் விவரத்தை இரகசியமாக வைத்திருப்பது அவர்களின் கடமை. தொற்று உறுதியானால் சிகிச்சைக்கு அங்கிருந்தே வழிகாட்டுவார்கள்.

இரண்டு விடயங்களை ஞாபகம் வையுங்கள். தொற்றிய அடுத்த நாளே சோதனையில் தெரியாது. முதல் முடிவு இல்லை என்று வந்தாலும், சந்தேகப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்த்தால்தான் நிச்சயம். மற்றது அவசரமானது: ஆபத்து நடந்து 72 மணித்தியாலத்துக்குள் போனால், தொற்றாமல் தடுக்க 28 நாள் மருந்து உண்டு. பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்களும், வைத்தியசாலையில் ஊசி தவறிக் குத்திக்கொண்டவர்களும் இதைத் தெரிந்திருக்க வேண்டும். நாளைக்குப் பார்ப்போம் என்று வைக்காதீர்கள்.

வெட்கமாக இருந்தால் ஒரு சினேகிதியைக் கூட்டிக்கொண்டு இரண்டு பேருமே சோதித்துக்கொள்ளுங்கள். நானும் என் மாணவி ஒருத்தியின் தாயும் போன மாதம் அப்படித்தான் போனோம்.

எங்கள் வீட்டில் ஒருவருக்கு என்று தெரிந்தால் முதலில் என்ன செய்வது?

பக்கத்தில் இருந்து சாப்பிடுங்கள். அன்றைக்கே, அதே கோப்பைகளில். பிறகு கதைக்கலாம்.

அவர் சொல்லாமல் நீங்கள் யாருக்கும் சொல்லாதீர்கள், சொந்தச் சகோதரிக்குக்கூட. மருந்து எடுக்கும் நேரத்தை நினைவூட்டுங்கள். கிளினிக் நாளில் கூடப் போங்கள். இருமல் விடாமல் இருந்தால் காசநோய்க்கும் சோதிக்கச் சொல்லுங்கள், எச்.ஐ.வி. உள்ளவர்களை அது இலகுவாகப் பிடிக்கும். வேறு தனியான சாப்பாடு, தனியான அறை, டெட்டோல் ஊற்றிக் கழுவுதல் ஒன்றும் தேவையில்லை.

படத்தில் உங்களுக்குப் பிடிக்காதது ஏதும் உண்டா?

அம்மாவைப் பற்றி முன்பே சொன்னேன். இன்னொன்று, நிகில் வசதியான வீட்டுப் பிள்ளை. ஆங்கிலம் பேசுகிறான், சட்டத்தரணி பிடிக்க ஆள் இருக்கிறது. கூலி வேலைக்குப் போகிற ஒருவனுக்கோ, கணவனிடமிருந்து தொற்றிய ஒரு பெண்ணுக்கோ இதே நடந்திருந்தால் யார் வந்திருப்பார்கள்? அந்தப் படம் வேறு படம். அப்படிப்பட்ட பெண்களைத்தான் நம் பக்கத்தில் முதலில் வீட்டை விட்டு அனுப்புகிறார்கள்.

ஆனாலும் அப்பாவை அரக்கனாகக் காட்டாமல் விட்டதற்காக நான் இந்தப் படத்தை மதிக்கிறேன். கமெராவுக்கு முன்னால் அந்த மனிதர் இருக்கும் விதத்தைப் பாருங்கள். பிள்ளையை வெறுத்த முகம் இல்லை அது. ஊருக்குப் பயந்த முகம்.

மறுபடி எப்போது காட்டுவீர்கள்? என் அப்பாவைக் கூட்டி வரலாமா?

அடுத்த போயாவுக்கு, பின்னேரம் ஆறரைக்கு. கட்டாயம் கூட்டி வாருங்கள். கதிரைகள் பதினைந்துதான் இருக்கின்றன, மற்றவர்களுக்குப் பாய் விரிப்போம், முழங்கால் நோ உள்ளவர்கள் வேளைக்கு வந்து கதிரை பிடியுங்கள். மழை வந்தால் உள்ளே ஹோலில். தேத்தண்ணி நாங்கள் ஊற்றுவோம். இந்த முறை இடையில் நிறுத்திக் கதை சொல்ல என் மாணவிகள் இரண்டு பேர் முன்வந்திருக்கிறார்கள்; ஒருத்தி அம்மாவின் பகுதியைத் தான்தான் சொல்வேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள்.